வீட்டுக்காரர் ஊரில் இருக்காரா

"உங்க வீட்டுக்காரர் இப்ப ஊர்ல இருக்காராம்மா?"

சிஸ்டர் இதைக் கேட்டபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. சற்று முன்பு என் விரலில் குத்தி ரத்தம் எடுத்தபோது, "உங்களுக்கு ஊசின்னா பயமா?" என்று சிரித்துப் பேசியவர் அவர். என்னோடு ரத்தம் கொடுத்த மற்ற பெண்களுக்கு அங்கேயே நின்றபடி "எல்லாம் நல்லாருக்கு, போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். என்னை மட்டும் உட்காரச் சொன்னார்.

"இல்ல சிஸ்டர். மன்னார்குடிப் பக்கம் அறுப்புக்குப் போயிருக்காரு" என்றேன். என் கணவர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுபவர். எங்கள் பக்கம் அறுப்பு தை, மாசியோடு முடிந்துவிடும். பிறகு மெஷின் எங்கே போகிறதோ அங்கே அவரும் போவார். தஞ்சாவூர்ப் பக்கம், சில வருடம் ஆந்திரா வரை. வாரக் கணக்கில் வர மாட்டார்.

"அப்படியா" என்றார் சிஸ்டர். அந்த 'அப்படியா'வும் எனக்குப் பிடிக்கவில்லை.

அது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். நான் அப்போது மூன்று மாதம். இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப் போய், இறந்து பிறந்தது. ஆண் குழந்தை. அந்தக் கர்ப்பத்துக்கு நான் தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்கேன் எடுத்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். ஏன் இறந்தது என்று கேட்டதற்கு, "சில சமயம் இப்படி ஆகும்" என்றார்கள். அதன் பிறகு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உச்சி வேளையில் கண்மாய்க் கரையைத் தாண்டினேன் என்றார்கள். ஜாதகத்தில் நாகதோஷம் என்றார்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகங்களைச் சுற்றி வந்தோம். ராமேஸ்வரம் போய் அத்தனை தீர்த்தத்திலும் நனைந்து, ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டு நின்றோம். அந்தக் காரணங்களில் எதையும் நான் முழுதாக நம்பவில்லை. எதையும் முழுதாகத் தள்ளவும் முடியவில்லை.

சிஸ்டர் உள் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். சிஸ்டர்தான் பேசினார்.

"ரத்தத்துல ஒரு கிருமி இருக்குற மாதிரி காட்டுதும்மா. சிபிலிஸ்னு பேரு. எச்.ஐ.வி. இல்ல, பயப்படாதீங்க. இது ஊசி போட்டாப் போயிரும். ஆனா புள்ளைக்குப் போயிரக் கூடாது பாருங்க, அதான் முதல் தடவை வரும்போதே எல்லாருக்கும் பாக்குறது."

"அது எப்படி வரும்?"

அவர் டாக்டரம்மாவை ஒரு தடவை பார்த்தார். "புருசன் பொண்டாட்டி சேர்றதுல வரும்மா."

பஸ் ஸ்டாண்டு சுவரில் மேகநோய், கிரந்தி, இளமைத் தவறு என்று நோட்டீஸ் ஒட்டியிருக்குமே, அது கண் முன்னால் வந்தது. யாராவது நின்று அதைப் படித்தால் பெண்கள் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம். என் ரத்தத்துக்கும் அந்தச் சுவருக்கும் என்ன சம்பந்தம்?

"வேற யார் ரத்தமாச்சும் மாறியிருக்கும் சிஸ்டர்."

"உங்க விரல்ல எடுத்து உங்க கண்ணு முன்னாடிதானம்மா விட்டேன்."

"அப்ப அந்த டெஸ்ட் பழசா இருக்கும்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. இன்னொரு முறை நரம்பில் ரத்தம் எடுத்து ராமநாதபுரத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் அது வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஊசியை இன்றே ஆரம்பிக்கலாம் என்றார். பிறகு, "உள்ளங்கை, உள்ளங்காலில் எப்போதாவது புள்ளி புள்ளியாக வந்ததா? அரிப்பில்லாமல்?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். ரத்தம் கொடுத்துவிட்டு, "ஊசிக்கு நாளைக்கு வாரேன்" என்று கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் கிடந்த என் கைகளைத் திருப்பிப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. வந்திருந்தது. கல்யாணம் முடிந்த சித்திரையில், இரண்டு உள்ளங்கையிலும் செம்பு நிறத்தில் புள்ளிகள். காலிலும். அரிக்கவில்லை, வலிக்கவில்லை. அது மிளகாய்ப்பழம் பறிக்கும் சமயம். "மிளகாய் ஆஞ்ச கை, எரிச்சல்ல சூடு கெளம்பியிருக்கும்" என்று என் மாமியார் விளக்கெண்ணெய் தடவிவிட்டார். சில வாரங்களில் தானாகப் போய்விட்டது. பிறகு நான் உண்டானேன். அந்தக் குழந்தைதான் கார்த்திகை மழையில் இறந்து பிறந்தது.

மிளகாயில் கை எரியும். எரியாத புள்ளி மிளகாயால் எப்படி வரும் என்று நான் அன்றைக்கு ஏன் யோசிக்கவில்லை என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் என் கணவர் என்னிடம் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். மெஷினில் பெல்ட் அறுந்துவிட்டது, வர ஒரு நாளாகும் என்றாரே, நிஜமாகவே அறுந்ததா? அறுப்புக்குப் போன இடத்தில் சிக்னல் இல்லை என்பாரே, வயற்காட்டிலா சிக்னல் இல்லாமல் போகும்? கல்யாணத்தன்று தாலி கட்டும்போது அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெட்கம் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த வெட்கத்தின் மேலும் எனக்குச் சந்தேகம்.

அவர் சந்தேகப்பட என்னிடமும் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருடம் நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதினேன், ஹாஸ்டலில் இருந்தேன். ஊர் வாய்க்கு அது போதும். நான் எதுவும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு ருசு எங்கே போய்க் கேட்பது? அவர் வாய் திறப்பதற்கு முன்பே, அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் போனேன். வேறு எதையும் நம்பிப் போகவில்லை. வயிற்றில் இருப்பது யாரையும் சந்தேகப்படவில்லையே என்று தோன்றியது, அவ்வளவுதான். கையில் துளி மருந்தைத் தோலுக்குள் ஏற்றிப் பார்த்து, ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்த பிறகு இடுப்புக்குக் கீழே ஊசி போட்டார்கள். பென்சிலின். மருந்து உள்ளே போகும்போது கூழாங்கல்லைத் திணிப்பது போல இருந்தது. எப்போது வந்த நோய் என்று தெரியாததால் வாரம் ஒன்றாக மூன்று ஊசி என்றார்கள். ஒன்று தவறினாலும் மறுபடி முதலில் இருந்து.

"அவரும் வந்து பாக்கணும்மா. நீங்க மட்டும் போட்டு அவரு போடாம இருந்தா, திரும்ப உங்களுக்கு வந்துரும்" என்றார் சிஸ்டர். "நான் பேசவா?"

"வேணாம். நானே சொல்லிக்கிறேன்."

அன்று மாலையே எனக்குக் காய்ச்சல் அடித்தது. உடம்பு வலி, நடுக்கம். முதல் ஊசிக்கு இப்படி வரலாம், ஒரு நாளில் விட்டுவிடும், விடாவிட்டால் போன் பண்ணுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். என் மாமியாருக்கு அது தெரியாது. கணவனை இழந்து, இந்த ஒரே மகனை வைத்துக்கொண்டு, ஒன்றரை ஏக்கர் மிளகாய்க் காட்டைத் தனியாகப் பார்த்தவர். அவர் எதையும் லேசில் விட மாட்டார்.

"என்ன ஊசி போட்டாக?"

"சத்து ஊசி அத்த."

"சத்து ஊசிக்கு எதுக்குக் காய்ச்சல் வருது? போன தடவயும் ஊசி ஊசின்னு குத்தித்தான் புள்ளயக் கொன்னாக."

மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் மாமியார் விடவில்லை. நான் ஆர்.எஸ்.மங்கலத்தில் இ-சேவை மையத்தில் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அவர் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை. "உங்க மருமகட்ட கேட்டுக்கங்கம்மா. நாங்க சொல்லக் கூடாது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார் அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லக் கூடாத நோக்காடு ஒனக்கு என்னத்தா?"

இனி மறைத்தால் அவர் மனத்தில் கட்டுகிற கதை நிஜத்தைவிட மோசமாக இருக்கும். சொன்னேன். நோயின் பேரைச் சொன்னேன், எப்படி வரும் என்று சொன்னேன். என் கைகளை விரித்துக் காட்டி, "அந்தப் புள்ளி மிளகாயால வரல அத்த" என்றேன்.

அவர் என் கைகளைப் பார்த்தார். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அந்தப் பார்வையில் திருப்பூர் இருந்தது. கடைசியில், "அவன்ட்ட சொல்லாத" என்றார். "ஊசியப் போட்டுக்க. புள்ளயப் பெத்துக்க. இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

"அவரு ஊசி போடாட்டி எனக்குத் திரும்ப வரும் அத்த."

"அவன்ட்ட இருந்துதான் வந்துச்சுன்னு நீ எப்படிச் சொல்ற?"

"வேற எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். சோறு வெந்தது, தனித்தனியாகச் சாப்பிட்டோம். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் காலையில் அவர் முற்றத்தில் நின்று போனில் பேசுவது கேட்டது. "ஏலே, எனக்கு மேலுக்கு முடியல. மெஷின அடுத்த டிரைவர்ட்ட குடுத்துட்டு வா. வந்தாத்தான் சொல்லுவேன்." அவர் உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

என் கணவர் மறுநாள் பகலில் வந்தார். சட்டையெல்லாம் வைக்கோல் தூசி. அம்மா நடமாடுவதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன நடக்குது இங்கன?" என்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் கை கால் கழுவிச் சாப்பிட்ட பிறகு நான்தான் சொன்னேன். மாமியார் கதவுப் பக்கம் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார். எதிர்பார்த்த பதில் எதிர்பார்த்தபடியே வந்தது.

"திருப்பூர்ல ரெண்டு வருசம் தனியா இருந்தவ நீ. என்னையக் கேக்குற?"

தெரிந்தே காத்திருந்தும் அது வலித்தது. "சரி. என்னால வந்ததாவே இருக்கட்டும்" என்றேன். "அப்பவும் ஒங்களுக்கும் இருக்கும்ல? ஒரு ரத்தம் குடுத்துப் பாத்துட்டு வாங்க. ஒண்ணும் இல்லன்னா என்னையச் சொல்லுங்க."

"எனக்கு ஒரு நோயும் இல்ல. நான் எதுக்குப் போகணும்? அந்த ஆசுபத்திரில பாதிப் பேரு நமக்குச் சொந்தக்காரன். நாளைக்கு எவன் மூஞ்சில முழிக்கிறது?"

அவர் செருப்பை மாட்டினார். அப்போதுதான் மாமியார் பேசினார். குரலை உயர்த்தவில்லை, புளியிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"போன புள்ளயக் குளிப்பாட்டுனது நாந்தான். நீ மழையில வண்டி கெடைக்காம மூணாம் நாள்தான் வந்த. இவ மயக்கத்துல கெடந்தா. அந்தப் புள்ளைக்குத் தோலு கையோட உரிஞ்சு வந்துச்சு. நான் யார்ட்டயும் சொல்லல. துணியச் சுத்திக் குடுத்துட்டேன். இவதான் என்னமோ பண்ணிட்டு வந்திருக்கான்னு இவ்வளவு நாளும் இவளையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

என் கணவர் ஒரு செருப்போடு நின்றார்.

"இப்ப ஒன்னையப் பாக்குறேன்" என்றார் மாமியார். "போயி ரத்தம் குடுத்துட்டு வா. இன்னொரு புள்ளைக்கு நான் துணி சுத்த மாட்டேன்."

நான் அன்றுதான் அதைக் கேள்விப்பட்டேன். என் குழந்தையின் முகத்தை எனக்குக் காட்டவில்லையே என்று மாமியார் மேல் ஒரு வருடமாக எனக்கு ஆத்திரம். காட்டாததற்கு இது காரணமா, இல்லை அவர் என் மேல் வைத்திருந்த சந்தேகம் காரணமா? இரண்டும்தான் என்று பின்னால் அவரே சொன்னார். அன்று எனக்கு அழுகைகூட வரவில்லை. ஒரு வருடம் ஒரே வீட்டில், ஒரே தட்டில் அப்பளம் உடைத்துச் சாப்பிட்டு, அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

மறுநாள் காலையில் என் கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து, "ராமநாதபுரம் பெரியாசுபத்திரிக்குப் போய்ட்டு வாரேன். ஊசி போட்டாச்சு" என்றார். ரத்தத்தில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. போட்டாரா, இல்லை ஏதாவது டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்தாரா என்று நான் யோசித்தேன். சோறு போட்டேன். தட்டைக் கையில் வாங்கி, சுவரோரம் நின்றபடியே சாப்பிட்டார். உட்காரவே இல்லை. அந்த ஊசியைப் போட்டவர்களுக்கு அது புரியும். ஆனாலும் அடுத்த வாரம் என் ஊசியை எங்கள் ஊரில் போட்ட கையோடு அவரோடு பைக்கில் ஏறி ராமநாதபுரம் போனேன். அவர் உள்ளே போனதையும், கதவு சாத்தியதையும், முகம் சுளித்து வெளியே வந்ததையும் பார்த்தேன். அவருக்கு ஊசி போட்ட நர்சிடம், "இவருக்கும் இருக்கா?" என்று கேட்டேன். நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்தார். என் கணவர்தான், "இருக்குன்னுதான் ஊசி போடுறாக" என்றார், என்னைப் பார்க்காமல்.

அதற்குள் என் ரத்தத்தின் முடிவும் வந்திருந்தது. முதலில் காட்டியது சரிதான். போன குழந்தை இதனால்தான் போனதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இருக்கலாம். இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார். அந்தத் தனியார் கிளினிக்கில் இந்தப் பரிசோதனையைச் செய்தார்களா, செய்து கவனிக்காமல் விட்டார்களா, செய்யவே இல்லையா என்பதும் தெரியவில்லை. போய்க் கேட்கலாம் என்று ஒரு தடவை அந்தத் தெருமுனை வரை போனேன். கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது.

மூன்று ஊசியும் முடிந்தது. பிறகு ஒவ்வொரு முறை ரத்தம் பார்த்தபோதும் அளவு இறங்கிக்கொண்டு வருகிறது என்றார்கள். நான் நம்பவில்லை என்றில்லை. நம்பிவிட்டு மறுபடியும் கேட்பேன். வயிற்றில் அசைவு கொஞ்சம் குறைந்தாலும் பஸ் ஏறிவிடுவேன். சிஸ்டர் ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை. ஆனால் நான் வருவதைத் தூரத்தில் பார்த்ததும் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். அதில் அவர் சலிப்பு எனக்குத் தெரியும்.

பங்குனியில் ராமநாதபுரத்தில் மகள் பிறந்தாள். பிறந்ததும் அழுதாள். எல்லாரும் எடை என்ன, நிறம் என்ன, யார் ஜாடை என்று பார்த்தபோது, நான் துணியை விலக்கி அவள் உள்ளங்கைகளையும் பாதங்களையும் பார்த்தேன். என் மாமியாரும் அதைத்தான் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குழந்தையின் ரத்தத்தைத் தனியாக எடுத்து என்னுடையதோடு ஒப்பிட்டார்கள். அவளுக்கு நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை, இருந்தாலும் பாதுகாப்புக்கு ஒரு ஊசி என்று அந்தச் சின்னத் தொடையில் போட்டார்கள். என்னிடமிருந்து போன எதிர்ப்புப் பொருள் கொஞ்ச நாள் அவள் ரத்தத்தில் காட்டும், அது நோய் இல்லை, மாதங்கள் போகப் போக மறைய வேண்டும், அதனால் தொடர்ந்து வந்து காட்ட வேண்டும் என்றார்கள். காட்டினோம். அவர் எந்த ஊரில் மெஷினோடு இருந்தாலும் அந்த நாட்களுக்கு வந்துவிடுவார். கூப்பிடாமலே வருவதால் அதையும் நான் சந்தேகப்பட்டேன். பயமா, பாசமா, குற்ற உணர்ச்சியா? அவர் எப்போதுமே கொஞ்சமாகப் பேசுகிறவர். அறுப்புக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொரு முறையும் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் படுக்கலாம் என்று சொன்னேன். மறுத்துப் பேசவில்லை.

மகள் நடக்க ஆரம்பித்து, ஓடவும் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் டாக்டர் சொன்னார்: "இனிமே இதுக்காக வர வேண்டாம். பிள்ளை ரத்தம் சுத்தமா இருக்கு." என் ரத்தத்தில் மட்டும், விரலில் குத்திப் பார்க்கிற அந்தப் பரிசோதனை ஆயுசுக்கும் 'இருக்கு' என்றே காட்டலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஆர்.எஸ்.மங்கலம் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். மகள் அவர் தோளில் தூங்கிவிட்டாள். இனி ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து வரக் காரணம் இருக்காது, கேட்டால் இப்போது கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"எங்கன வந்துச்சுங்க?"

எது என்று அவர் கேட்கவில்லை. எதிரே நின்ற ராமேஸ்வரம் பஸ்ஸில் ஆட்கள் முண்டியடித்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்கு முந்தி. ஆந்திராவுக்குப் போனப்ப. ஒரு தடவதான்."

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல."

"அப்ப என்னைய எதுக்குத் திருப்பூர்னு சொன்னீங்க?"

அவர் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினார். "நாஞ் சொல்லலன்னா நீ என்னையச் சொல்லுவேல்ல" என்றார். பிறகு, "தப்புதான்" என்றார்.

ஒரு தடவைதான் என்பதை நான் நம்பினேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். பாதியை வைத்துக்கொண்டுதான் இன்னும் அவரோடு இருக்கிறேன். ரத்தம் மட்டும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். அன்று பஸ் வந்ததும் அவர் முதலில் ஏறி, ஜன்னலோரம் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். நான் உட்கார்ந்ததும் மகளை என் மடியில் படுக்க வைத்துவிட்டு, உப்பூர் தாண்டி இடம் கிடைக்கும் வரை பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார்.